மிளகாய்க்கு ஏற்ற ஒயின்

"கண்ணு, ஒயின் மட்டும் நீ கொண்டு வந்துவிடு" என்று வீட்டுக்கார அம்மா ஞாயிறு விருந்துக்கு அழைத்தபோது சிரிப்பை அடக்கமுடியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிப் போய்ப் பழகிய கை இது. பாட்டிலோடு போய் நின்றிருந்தால் எங்கள் பெரியப்பா திண்ணையிலேயே மறித்திருப்பார். ஆனால் நான் இப்போது இருக்கும் மெக்சிகோவின் கெரேத்தரோவில் பாட்டிலோடு போவதுதான் மரியாதை. இதே மாநிலத்துத் தெகிஸ்கியாபன் ஊர்ப் பக்கம் போனால் ஒயினும் சீஸும்தான் பேச்சே. கொவாவிலா மாநிலத்துப் பர்ராஸில் 1597 முதலே ஒயின் வடிக்கிறார்களாம். நமக்குத்தான் மெக்சிகோ என்றாலே டெகிலா.

அன்றைக்கு விருந்தில் சிலே ரெயேனோ. பொப்லானோ மிளகாயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, உள்ளே சீஸை அடைத்து, நுரைக்க அடித்த முட்டையில் தோய்த்துப் பொரித்து, தக்காளிச் சாறு ஊற்றுவார்கள். நம் மிளகாய் பஜ்ஜிக்குப் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன். பக்கத்திலேயே ஆபனேரோ என்ற கடுங்கார மிளகாயில் அரைத்த சால்சா, அதாவது சட்னி, தொட்டால் கண்ணில் நீர் வரும்.

இந்த ஊரில் எனக்கு ஒரே மனக்குறை சிவப்பு ஒயின்தான். எந்த விருந்துக்குப் போனாலும் காரத்தோடு அதைத்தான் நீட்டுகிறார்கள். மிளகாய் சீண்டும் அதே நரம்பை ஆல்கஹாலும் சீண்டும். இவர்கள் நீட்டும் ஒயினில் அது 14 சதவீதம், போதாததற்குத் திராட்சைத் தோலிலிருந்து வரும் டானின் துவர்ப்பு வேறு! எரியும் நாக்கு இன்னும் எரிகிறது, வாயும் வறள்கிறது. அந்தத் துவர்ப்புக்குத் தக்காளிப் புளிப்பும் ஒத்துவராது. இதைச் சொன்னால், "இந்தியாக்காரருக்கா காரம்?" என்று கேலி.

நான் கொண்டுபோனது லேசாக இனிப்பு மிச்சமிருக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், ஆல்கஹால் 9 சதவீதம்தான், நன்றாகக் குளிரவைத்தது. அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும், புளிப்பு சீஸின் கொழுப்பை வழித்துவிடும். பச்சைச் சால்சா ஊற்றிய என்சிலாடா (சோள ரொட்டிச் சுருள்) என்றால் சோவிஞான் பிளாங் என்ற வெள்ளை ஒயினை எடுப்பேன். உருக்கிய சீஸான கேசோ ஃபுந்திதோவுக்கு இந்த ஊரிலேயே செய்யும் நுரை ஒயின் அருமை. ஆபனேரோவோடு மட்டும் வேண்டாம், நுரை முள்ளாகக் குத்தும்.

உண்மையில் காரத்தை அடக்குவதில் பெரும்பங்கு சீஸுடையது. பால் புரதம் மிளகாயின் எரிச்சலைப் பிடித்துக் கழுவிவிடும். நம் வீட்டில் அதற்கு மோர் இருந்தது. வத்தக்குழம்பில் தலை வியர்த்தால், கேட்காமலே அம்மா சொம்பைச் சரிப்பாள். இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம்... இதற்கு எது ஜோடி என்று யாரும் யோசித்ததே இல்லை.

சரி, விருந்துக்கு வருவோம். வீட்டுக்கார அம்மா இரண்டாவது கிளாஸையும் நீட்டினார். இப்போதெல்லாம் கடையில் நின்று லேபிளில் சதவீதம் பார்த்து வாங்குகிறேன், இந்த ஊர் ஆளாகிவிட்டேன் என்று அவரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அவர் கணவர் என் ரீஸ்லிங்கை முகர்ந்து பார்த்துவிட்டு, எழுந்துபோய் பீர் எடுத்துவந்தார்.