உத்தம கூட்டாளி

செவ்வாய்க்கிழமை வந்தால் பெரியம்மாவை ராயபுரம் வீட்டில் பிடித்து வைக்க முடியாது. பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபை என்றாலும், பாரிமுனைக் கத்தோலிக்கக் கோயிலில் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றியே ஆகவேண்டும். கேட்டால், "சண்டையெல்லாம் பாஸ்டருங்களுக்கும் ஃபாதருங்களுக்கும்தான்டா, எனக்கென்ன?" என்பார்.

போன வாரம் நானும் கூடப் போனேன். கூட்டத்தில் ஒரு பாக்கெட்டை ஏற்றி முடிப்பதற்குள் கை சுட்டுவிட்டது. மிச்சமான இரண்டைத் தினத்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்தக் கோயில் இருக்கும் தெருவுக்குப் பெயர் அரண்மனைக்காரத் தெரு. அரண்மனையைத் தேடாதீர்கள், ஆர்மீனியர் தெரு நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1837 ஏப்ரலில் இங்கேதான் ஸ்காட்லாந்திலிருந்து வந்த, பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் போதகர் ஜான் ஆண்டர்சன், வாடகை வீடொன்றில் 59 பையன்களோடு பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937-இல் தாம்பரம் போனது.

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே அவர் பெயரில் இருக்கும் ஆண்டர்சன் ஆலயத்துக்குப் பெரியம்மாவை நடத்தியே கூட்டிப் போனேன். ஆனால் என் மனதில் இருந்தவர் வேறொருவர், ஜான் பிரெய்ட்வுட். அவரும் பிரஸ்பிட்டேரியன் போதகர்தான், ஆண்டர்சனோடு இதே சென்னையில் ஊழியம் செய்தவர். சக ஊழியர் ராபர்ட் ஜான்ஸ்டன் 1853-இலும், ஆண்டர்சன் 1855-இல் இங்கேயே சென்னையிலும் இறந்துபோனார்கள். இருவர் கதையையும் பிரெய்ட்வுட் 1862-இல் ஒரே புத்தகமாகக் கொண்டுவந்தார். தலைப்பிலேயே அவர்களை 'உத்தம கூட்டாளிகள்' என்கிறார். பைபிளில் பிலிப்பியர் 4:3-இல் பவுல் சொல்லும் வார்த்தை. கூட இருந்தவர் எழுதியது, புகழ்ச்சி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இறந்தவர்களுக்கு ஒரு கூட்டாளி செய்யக்கூடியது வேறென்ன?

ஆலயத்துக்குள் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சு பார்த்து உட்கார்ந்தோம். வெளியே பூக்கடைப் பக்கத்து ஹாரன் சத்தம், உள்ளே பழைய மரத்தின் வாசனை. "யாருடா அந்த ஆண்டர்சன்?" என்று பெரியம்மா காதோரம் கேட்டார். 1838-இல் நடந்ததைச் சொன்னேன். பள்ளியில் தலித் பையன்கள் இரண்டு பேர் படிப்பது தெரிந்ததும், அவர்களை அனுப்பிவிடுங்கள் என்று சாதி இந்துப் பெற்றோர்கள் வந்து நின்றார்கள். ஆண்டர்சன் முடியாது என்றார். பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக நின்றுவிட்டார்கள். 1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றபோது மறுபடியும் பள்ளி காலியானது. அந்த ராஜகோபால் பிறகு போதகராகவே ஆனார்.

பெரியம்மா அந்த இரண்டாவது கதையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"ரெண்டே ரெண்டு பசங்களுக்காகவா?" என்றார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் முடிய வெகு நேரம் ஆனது.

வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பெரியம்மா வரவில்லை. நடைபாதையில் நின்று பையைத் துழாவி, தினத்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி இரண்டும் வெயிலில் லேசாக வளைந்திருந்தன. "ரெண்டு மிச்சம் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே அந்தோணியார் கோயிலுக்குத் திரும்பி நடந்தார்.