ஒற்றையாள் போட் உடைந்த பிறகு

2022 ஆகஸ்ட் மாதம் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்தார்கள். டெல்டாக்காரர்கள் அந்த வெள்ளத்தை மூழ்கிய வயல்களோடும், கொள்ளிடத்துத் திட்டுகளில் இருந்து ஆட்களை வெளியேற்றியதோடும் சேர்த்து நினைவு வைத்திருப்பார்கள். முகத்துவாரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு அது கடலில் தெரிந்தது. வெகுதூரம் வரைக்கும் தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. கூடவே ஆகாயத்தாமரை, மூங்கில், வேரோடு பிடுங்கி வந்த மரங்கள். கிளையோடு மிதக்கிற மரம் கண்ணில் படும். ஊறிப்போய்த் தண்ணீர் மட்டத்தோடு கிடக்கிற மரம் இருட்டில் படாது. அப்படி ஒன்றில்தான் என் போட் மோதியது.

எங்கள் ஊரில் நாலைந்து பேராகத்தான் போவார்கள். நான் சின்ன பைபர் போட்டில் தனியாகப் போய் நண்டு வலை விடுகிறவன். பங்கு பிரிக்கிற பேச்சு இல்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அப்பாவும் கட்டுமரத்தில் அப்படித்தான் போனார். எனக்கு அந்தத் தனிமை பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போட் உடைந்தபோது நான் இழந்தது அதைத்தான்.

அணியத்துக்கு, அதாவது போட்டின் முன்முனைக்கு, கீழே நீளமாக விரிசல். இன்ஜின் தண்டும் வளைந்துவிட்டது. கையில் இருந்த வலையைச் சுருட்டி விரிசலில் திணித்தேன். கனமான சாமான்களையெல்லாம் பின்பக்கம் தள்ளி, அணியம் கொஞ்சம் மேலே எழும்பும்படி செய்தேன். சிக்னல் இருந்தது. மச்சானைக் கூப்பிட்டு, "நான் ஓட்டிக்கிட்டு வர முடியாது மச்சான், கயிறு கொண்டு வாங்க" என்றேன். வெளிச்சம் வந்த பிறகு கட்டி இழுத்து வந்தார்கள். நண்டு வலை கடலிலேயே நின்றுவிட்டது.

பட்டறைக்காரர் உடம்பு முழுக்கத் தட்டிக் கேட்டார். விரிசல் இல்லாத இடத்திலும் சத்தம் செத்துக் கேட்டது. "மேல ஒட்டிக் கொடுத்துடுவேன் அண்ணே, ஆனா உள்ள அடுக்கு விட்டுருக்கு. வாடைக் காத்து நாள்ல இதுல தனியாப் போவாதீங்க" என்றார். சரியான வார்த்தை. அன்றைக்கு அதைக் கேட்க முடியவில்லை.

அப்புறம் வந்த வாரங்கள்தான் கஷ்டம். மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். கரையில் இன்ஜின் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பும். எது யாருடைய இன்ஜின் என்று படுத்துக்கொண்டே தெரியும். ஏலம் முடிகிற வரைக்கும் நான் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. யாரும் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. "எப்ப இறங்குறே?" என்று கேட்பார்கள், அதற்குப் பதில் இல்லை.

அக்கா மகன் நாகப்பட்டினத்தில் படிக்கிறான். அவன்தான் போனைக் கொண்டு வந்து காட்டினான். "மாமா, அபிலாஷ் டோமி மறுபடியும் கிளம்புறாரு." டோமி இந்தியக் கடற்படையில் இருந்தவர், தனியாகப் பாய்மரப் படகு ஓட்டுகிறவர். செப்டம்பர் 4ஆம் தேதி பிரான்ஸில் லெ சாப்ல் தொலோன் என்ற ஊரிலிருந்து கோல்டன் குளோப் போட்டி தொடங்கியது. ஒரு ஆள், ஒரு பாய்மரப் படகு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி வர வேண்டும். வழி பார்க்க ஜிபிஎஸ் கிடையாது, சூரியன், நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து இடம் கண்டுபிடிக்கிற செக்ஸ்டன்ட் கருவியும் காகித வரைபடமும்தான். ஆனால் படகு எங்கே போகிறது என்று கரையில் இருக்கிற நாம் போனில் பார்க்கலாம். மூன்று மணி முழிப்புக்கு எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

டோமி 2018இல் இதே போட்டியில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் மாட்டினவர். படகு உருண்டு, பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல் படுத்த இடத்திலிருந்தே செய்தி அனுப்பினார். பிரெஞ்சு மீன்வளக் கப்பல் ஒசிரிஸ் செப்டம்பர் 24 அன்று அவரை மீட்டது. படகை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அந்தப் புயலிலேயே அயர்லாந்தின் கிரெகர் மெக்குகின் படகும் பாய்மரம் இழந்தது. அவர் மிச்சமிருந்ததை வைத்து ஒரு தற்காலிகப் பாய் கட்டி, டோமி கிடக்கிற பக்கமாகவே படகைத் திருப்பினார். தன் போட்டி முடிந்துவிட்டது என்று தெரிந்த அடுத்த நாட்களில் அவர் செய்த வேலை அது. இதைப் படித்தபோதுதான், அன்றைக்கு வலையைத் திணித்து, சாமானைத் தள்ளி, கயிறு கேட்டு, உயிரோடும் போட்டோடும் கரை சேர்ந்ததை நான் ஒரு வேலையாகவே கணக்கில் வைக்கவில்லை என்று தோன்றியது. வாந்தே குளோப் என்பதும் தனி ஆளாக நிற்காமல் உலகைச் சுற்றுகிற இன்னொரு பாய்மரப் படகுப் போட்டி. 2024இல் அதில் பிப் ஹேர் என்ற பெண்மணி ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே பாய்மரம் ஒடிந்து, சுமார் 800 கடல் மைல் தூரத்தைத் தற்காலிகப் பாயிலேயே கடந்து மெல்போர்ன் சேர்ந்தார். கணக்கில் அவர் போட்டியை முடிக்காதவர். கடல் தெரிந்தவன் அந்த 800 மைலை அப்படிப் பார்க்க மாட்டான்.

இன்னொரு கதை என்னைத் தூங்கவிடவில்லை. 1968இல் நடந்த முதல் கோல்டன் குளோப். டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அவசரமாகக் கட்டிய மூன்று உடல் படகில் கிளம்பினார். கொஞ்ச நாளிலேயே தண்ணீர் கசிய ஆரம்பித்தது. தென்கடலுக்குப் போனால் படகு தாங்காது என்று அவருக்கே தெரிந்தது. திரும்பலாம் என்றால், பணம் போட்டவரோடு செய்த ஒப்பந்தம் கழுத்தில் இருந்தது, வீடும் அதில் மாட்டியிருந்தது. அவர் திரும்பவும் இல்லை, மேலே போகவும் இல்லை. அட்லான்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான செய்தி அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்த அவருடைய படகைக் கண்டெடுத்தார்கள். அந்தப் போட்டியை முடித்த ஒரே ஆளான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கடன் வாங்கித் தொழில் செய்கிற எவனுக்கும் அந்த மனுஷன் அந்நியர் இல்லை. எங்கள் பக்கத்தில் வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் இறங்குகிறோம், பிடிக்கிறதை அவரிடமே போட வேண்டும். போட் நின்றால் கணக்கு நிற்காது. "பட்டறையில இருக்கு, அடுத்த வாரம் இறங்கிடுவேன்" என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அடுத்த வாரம் வேறு காரணம் சொல்லலாம். அது எங்கே கொண்டு போய் விடும் என்று க்ரோஹர்ஸ்ட் கதை காட்டியது. வாந்தே குளோப்பில் ஒதுங்குகிறவர்கள் அந்தச் செய்தியைப் போட்டி நடத்துகிறவர்களிடம் தாங்களே சொல்கிறார்கள். நானும் வியாபாரி வீட்டுக்குப் போய் நேராகவே சொன்னேன்: இந்த வாடைக்கு என் போட் இறங்காது, வேறு போட்டில் பங்குக்குப் போய் அடைக்கிறேன், கொஞ்சம் தவணை கொடுங்கள். அவர் சந்தோஷப்படவில்லைதான். ஆனால் கொடுத்தார். வீட்டிலும், கரையிலும், கேட்டவர்கள் எல்லோரிடமும் அதே வார்த்தையைச் சொன்னேன். அதற்குப் பிறகு "எப்ப இறங்குறே?" என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிய பாரமாக இருந்திருக்கிறது.

மச்சான் போட்டில் பங்குக்குப் போனேன். தனியாகப் போனவனுக்கு அது சுலபமில்லை. எங்கே வலை விடுவது என்று இன்னொருவர் சொல்வார், நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறியது எனக்கு முன்னாலேயே தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு இழுக்க வேண்டும். சம்பாத்தியம் குறைவு. ஆனாலும் உடம்பு கடலில் இருந்தது, முழிப்புக்கு அர்த்தம் இருந்தது.

அந்தப் பக்கம் போட்டி போய்க்கொண்டே இருந்தது. கிளம்பினவர்கள் 16 பேர். நவம்பரில் பின்லாந்தின் தாபியோ லெஹ்தினென் படகு நிமிஷ நேரத்தில் மூழ்கியது. தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர் தன் போட்டிப் பாதையிலிருந்து விலகிப் போய் அவரை மீட்டார். டோமியின் காற்றுச் சுக்கான், அதாவது ஆள் தூங்கும்போது காற்றைப் பிடித்துப் படகைத் தானாகத் திருப்புகிற சாதனம், பழுதானது. படகுக்குள் கிடைத்த பலகையையெல்லாம், கழிப்பறைக் கதவு வரைக்கும், அறுத்து ஒட்டுப்போட்டு ஓட்டினார். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் போட்டில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

என்னை அதிகம் பாதித்தவர் சைமன் கர்வென். பிரிட்டன்காரர். எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர். பசிபிக்கில், தென் அமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்ன் முனையைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அவருடைய காற்றுச் சுக்கான் முறிந்தது. அதில்லாமல் அந்த முனையைச் சுற்றுவது ஆபத்து என்று முடிவுசெய்து, சிலி நாட்டுக் கரைக்கு ஒதுங்கினார். ஒரு முறை கரை தொட்டாலே முதல் பரிசு போய்விடும். சிசெஸ்டர் வகுப்பு என்ற தனிப் பட்டியலுக்கு இறக்கிவிடுவார்கள். அவர் பழுது பார்த்துக்கொண்டு மறுபடியும் இறங்கி, 2023 ஏப்ரல் 27 அன்று மற்ற எல்லோருக்கும் முன்னால் கரை சேர்ந்தார். சில மணி நேரம் கழித்து வந்த கிர்ஸ்டன்தான் போட்டியை வென்றவர். இரண்டு நாள் கழித்து டோமி இரண்டாவதாக முடித்தார். 2020 வாந்தே குளோப்பிலும் அப்படி இரண்டு பெண்கள், சாம் டேவிஸும் இசபெல் ஜோஷ்க்கும். அடிக்கட்டைப் பகுதி பழுதாகி ஒதுங்கி, சரிசெய்துகொண்டு, கணக்கில் வராது என்று தெரிந்தே சுற்றை முடித்தார்கள். ஒருவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு இவர்கள் மேல் இருக்கிற மரியாதை, கோப்பை வாங்கினவர்கள் மேல் இருப்பதற்குக் குறைந்ததில்லை.

வாடை ஓய்ந்ததும் பட்டறைக்காரரிடம் திரும்பப் போனேன். விட்டுப்போன அடுக்கை முழுசாக வெட்டியெடுத்து, உள்ளே புதுக் கட்டை வைத்து, பைபர் இழை விரிப்பு ஒட்டிக் கொடுத்தார். செலவு நான் நினைத்ததற்கு மேல். அடுத்த சீசனில் இறங்கினேன். இப்போது தம்பி முறையுள்ள ஒரு பையனும் கூட வருகிறான். தனியாகப் போகிற ஆசை போகவில்லை, ஆனால் பட்டறைக்காரர் சொன்னதை இப்போது மறுப்பதில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிற நாட்களில் முகத்துவாரத்துக்கு நேராக, வெளிச்சம் வராமல் போவதில்லை.

யாருக்காவது போட் உடைந்தால் நான் சொல்வது இவ்வளவுதான். கரைக்கு ஏற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பதிவுப் புத்தகத்தோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்கு நீங்களே போய் எழுதிக் கொடுங்கள். கடன் கொடுத்தவரிடம் அந்த வாரமே பேசுங்கள், நிலவரம் உங்கள் வாயிலிருந்துதான் அவருக்குத் தெரிய வேண்டும். முதல் மாதத்தில் இன்ஜினை விற்காதீர்கள், விலை கேட்டு வருகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். யார் போட்டிலாவது, குறைந்த பங்குக்காவது, இறங்கிவிடுங்கள்.