நிழலை வெட்டி ஒட்டும் பருவகாலப் பாடம்

மழலையர் வகுப்புச் சுவரில் தொங்கும் பருவகாலப் படத்தில் பனிப்பொம்மை இருக்கும், ஐப்பசி அடைமழை இருக்காது. சென்னைப் பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் உச்சிவெயிலில் விழும் குச்சி நிழல்.

ஒரு பலகையில் 30 செ.மீ. உயரக் குச்சியை நிறுத்துங்கள். மொட்டைமாடித் தளம் தண்ணீர் வடியச் சரிவாகவே இருக்கும். பலகையில் கோலிக்குண்டை வைத்தால் உருளும். அது உருளாமல் நிற்கும் வரைக்கும் பலகைக்கு அடியில் அட்டை செருகுங்கள். குச்சி நேராக நிற்கிறதா என்று நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். 5 டிகிரி சாய்ந்தாலே நிழல் இரண்டரை செ.மீ. வரை மாறும். ஜூன் நிழலின் மொத்த நீளமே ஐந்தரை செ.மீ.தான்!

மாதம் ஒருமுறை, 21ஆம் தேதியை ஒட்டி வெயிலடிக்கும் நாளில், 11:45 முதல் 12:30 வரை ஐந்து நிமிடத்துக்கொரு முறை நிழல் நுனியில் புள்ளி வையுங்கள். இருப்பதில் குட்டையான நிழல்தான் அன்றைய கணக்கு. கடிகாரம் 12 அடிப்பதை நம்பினால் தப்பாகும். பிப்ரவரியில் உச்சி 12:20ஐத் தாண்டிவிடும்.

அந்த நீளத்துக்குச் சார்ட் பேப்பரில் பட்டை வெட்டுங்கள். ஐந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஸ்கேலே வேண்டாம், பட்டையே அளவு. ஒரு நீளக் கோடு போட்டு, வடக்கே விழுந்த நிழலை மேலேயும் தெற்கே விழுந்ததைக் கீழேயும் ஒட்டச் சொல்லுங்கள். டிசம்பர் பட்டை 22 செ.மீ. மேலே நிற்கும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் 7. ஜூன் பட்டை கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், ஏனென்றால் அப்போது சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்காகவே ஓராண்டு காத்திருக்கலாம்.

"சூரியன் கிட்டே வந்தால் வெயில் காலம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், மார்கழிக் குளிரில்! டார்ச்சை வெள்ளைத்தாளில் நேராக அடித்துக் காட்டுங்கள், பிறகு சாய்த்து. சாய்ந்த ஒளி பரவி மங்குவதைப் பிள்ளையே சொல்லும். நிழல் நீளும் மாதங்களில் வெயிலும் இப்படித்தான் சாய்ந்து விழுகிறது.

பட்டைக்கு நிறம் அந்தந்த மாத இலை, பூவிலிருந்து வரட்டும். வாதுமை இலை உதிருமுன் சிவக்கும், புங்கம் பங்குனியில் இளம்பச்சையாகத் துளிர்க்கும், கொன்றை சித்திரையில் மஞ்சளாகப் பூக்கும். இலையின் நரம்புப் பக்கம் மேலிருக்க வைத்து, அதன்மேல் மெல்லிய தாளைப் பரப்பி, உறை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நுனியால் அழுத்தினால் தாள் கிழியும். சருகு நொறுங்கிவிடும், பச்சை இலையைச் செய்தித்தாளுக்குள் ஒருநாள் அழுத்தி வைத்து எடுத்தால் நரம்பு நன்றாகப் பதியும். வாதுமையும் பூவரசும் சின்னக் கைகளுக்கு ஏற்றவை. வேப்பிலை நழுவிக்கொண்டே இருக்கும்.

ஐப்பசி பிறந்ததும் பட்டைகளுக்குப் பக்கத்தில் மழைக்கும் ஒரு நீலப் பட்டை சேருங்கள். பக்கம் நேரான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகினால் மழைமானி தயார். பாட்டிலின் அடி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறியுங்கள். கல்லின் கனம் காற்றிலும் சாயவிடாது. கூரைத் தண்ணீர் சொட்டாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை 8:30க்குப் பார்த்துவிட்டுச் சுழியக் கோடு வரை கொட்டிவிடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீரையும் வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் கொசுப்புழு வந்துவிடும்.