ஆயாவும் பெரியபாளையத்துக் கிடாவும்

எங்கள் வியாசர்பாடி வீட்டில் பவானியம்மன் படத்துக்குப் பக்கத்திலேயே எம்.ஜி.ஆர். படம் தொங்கும். இரண்டுக்கும் ஒரே ஊதுபத்திதான். ஆயா இரட்டை இலையைத் தவிர வேறெதற்கும் ஓட்டுப் போட்டதில்லை.

2003 கோடையில் அண்ணன் மஞ்சள் காமாலை வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தான். பிழைத்து வந்தால் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலில் கிடா வெட்டுவதாக ஆயா வேண்டிக்கொண்டாள். வந்தான். குட்டியும் வாங்கியாயிற்று. ஆடியில் வேன் கிடைக்கவில்லை, சரி, ஆவணியில் போகலாம் என்று இருந்தோம். அந்த நேரம் பார்த்து, கோயில்களில் ஆடு, கோழி பலி கொடுக்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. சட்டம் புதிதல்ல, 1950-இல் போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி எழுப்பினார்கள்.

தி.மு.க. செய்திருந்தால் "சாமி இல்லன்றவன் வேற இன்னா செய்வான்" என்று ஆயா முடித்திருப்பாள். ஆனால் இது கோயில்களில் அன்னதானம் ஆரம்பித்த ஜெயலலிதா ஆட்சி. நேராக வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"இன்னாபா, தெருவுக்குத் தெரு கறிக்கடை கீது. அங்க வெட்னா கேஸ் இல்ல, எங்க ஆத்தாவுக்கு வெட்னா கேஸா?"

"மேலிடத்து ஆர்டர் ஆயா. பொங்க வெச்சி, ஒரு பூசணிக்கா ஒடச்சிட்டு வாயேன்."

உத்தரவைக்கூடப் பொறுத்திருப்பாள் போல. பூசணிக்காயைத்தான் பொறுக்க முடியவில்லை. ராத்திரி படுத்த பிறகும் "பூசணிக்காவாம்!" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

முந்தின வருஷம் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது இதே ஆயா, சர்ச்சுக்குப் போகிற எங்கள் சித்தியிடம் "கவர்மெண்ட்டு சொன்னா கேட்டுக்கணும்" என்றவள். சித்தி இப்போது அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கட்சி மதித்த பக்தியில் பாலபிஷேகத்துக்கு இடமிருந்தது, எங்கள் அரிவாளுக்கு இல்லை.

2004 மக்களவைத் தேர்தலுக்கு முன்பே அந்தப் பலித் தடைச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். ஆயா சமாதானமாகவில்லை. மே மாதம் வாக்குச்சாவடிக்கு என்னோடு நடந்து வந்தாள். எந்தப் பட்டனை அமுக்கினாய் என்று கேட்டதற்கு, "வெயிலு தாங்கல, நட" என்றாள். அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணி 39 தொகுதிகளிலும் தோற்றது. ஆட்டுக்குட்டியால் மட்டும் தோற்கவில்லைதான். வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களைக் கூண்டோடு நீக்கியது, எதிரணியின் பலமான கூட்டணி என்று எத்தனையோ. முடிவு வந்த சில நாளில் மதமாற்றச் சட்டமும் போனது. சித்தி கேசரி கிளறி அனுப்பினாள்.

அந்த ஆடியில் செங்குன்றம், ஜனப்பன்சத்திரம் வழியாக வேனில் போனோம். குட்டி ஒரு வருஷத்தில் கொம்பு முளைத்த கிடாவாகியிருந்தது. தேர்தல் சமயத்தில் சுவரிலிருந்த இரட்டை இலை போஸ்டரை அது தின்றதாக அண்ணன் இன்றும் சத்தியம் செய்வான், நான் பார்க்கவில்லை. ஆயா வேப்பிலையால் ஆன வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வந்தாள்.

ஊர் திரும்பியதும் வட்டச் செயலாளர் வீட்டுக்கும் ஒரு தூக்கில் கறிக்குழம்பு போனது. நான்தான் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து பார்த்தேன். மேலாக ஒரு பூசணிக்காய்க் கீற்று மிதந்தது.