ஆறாம் எண் பல்

பல் வைத்தியத் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரமே வலது பக்கத்துப் பல்லை இடது பக்கத்தில் குறித்துவிட்டேன்.

வைத்தியர் வாய்க்குள் பார்த்தபடி பல் பல்லாகச் சொல்லிக்கொண்டே போவார். அந்த வேகத்துக்கு நான் படிவத்தில் குறிக்க வேண்டும். "மேல் வலது ஆறு, மீசியல் ஒக்லூசல், அமல்கம்" என்றார். நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் பல்லில், முன்பக்கத்திலும் மெல்லும் பரப்பிலும் உலோக அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். என் கை தாளின் வலது பக்கம் போயிற்று. பிரிட்டனில் பரவலாகப் பயன்படும் பாமர் முறைப் படிவத்தில் தாளின் இடது பக்கம்தான் நோயாளியின் வலது. பக்கத்தில் நின்ற மூத்த தாதி ஒன்றும் சொல்லாமல் விரலால் சுட்டிக்காட்டினார். பிறகு தேநீர் நேரத்தில், "நோயாளி உன் எதிரே உட்கார்ந்து உன்னைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்" என்றார். அந்தப் படிவத்தை நம்பி யாராவது நல்ல பல்லைப் பிடுங்கியிருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது எனக்கு வயது 37. யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை உயிரியல் படித்தவள். அதற்குப் பிறகு லண்டனில் இரண்டு பிள்ளைகளும் வீடும். இங்கே 2008 முதல் பதிவு பெறாமல் பல் தாதியாக வேலை செய்ய முடியாது. பயிற்சியில் இருப்பவர்கள் மேற்பார்வையில் வேலை செய்துகொண்டே படிக்கலாம். பகலில் வேலை, இரவில் புத்தகம்.

புத்தகத்துப் படங்கள் எனக்கு உதவவே இல்லை. உதவியது என் நாக்குதான். பஸ்ஸில் போகும்போது வாயை மூடிக்கொண்டு பற்களைத் தடவி எண்ணுவேன். முன்பக்க நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல், அதற்கு எதிர்ப்பக்கம் டிஸ்டல். கன்னத்தை ஒட்டியது பக்கல். உட்புறம் கீழ்ப்பல்லுக்கு லிங்குவல், மேல்பல்லுக்குப் பேலட்டல். எண்ணினால் 28தான் வரும். எனக்கு ஞானப் பற்கள் நான்கும் முளைக்கவில்லை. மேல் கடைவாய்ப்பல்லுக்கு வேர் மூன்று, கீழுக்கு இரண்டு. மேலே இருப்பது தொங்குகிறது, பிடிமானம் கூட வேண்டும் என்று நானே ஒரு காரணம் கற்பித்து மனதில் வைத்துக்கொண்டேன். விஞ்ஞானம் அல்ல, ஆனால் தேர்வில் மறக்கவில்லை.

பல் முளைக்கும் வயதுகளின் அட்டவணையைப் படித்த இரவுதான் வயிற்றைக் கலக்கியது. ஆறாம் எண் பல் ஏறக்குறைய ஆறு வயதில் வருகிறது. எந்தப் பால் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கிறது. அதனால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். என் மகனுக்கு அப்போது ஏழரை வயது. 'விழப்போகிற பல்தானே' என்று நானும் அலட்சியமாக இருந்தவள். தூங்கியவனை எழுப்பி, கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கீழே இரண்டு பக்கமும் ஆறாம் பல். இடது பல்லின் பள்ளங்களில் பழுப்புக் கோடு. அதன் ஓரம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய பல்லில் சூத்தை தொடங்கியிருந்தது.

அதன் பிறகு நோய்ப் பாடம் தானாக ஏறியது. சீனி தின்ற கிருமிகள் அமிலம் விடுகின்றன. அமிலத்தை அளக்கும் பிஎச் எண் வாயில் 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அதை மீட்க இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணிநேரம் வரை ஆகும். பள்ளி விட்டு வந்ததிலிருந்து படுக்கும் வரை மணிக்கொரு பிஸ்கட் கொடுத்தது நான்தான். எனாமலில் நரம்பு இல்லாததால் வலியும் இல்லை. சூத்தை உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழை எட்டும்போது அந்தக் கூழ் வீங்குகிறது. சுற்றிலும் கடினச் சுவர், வீங்க இடமில்லை. அந்தத் தெறிப்புதான் இரவில் எழுப்பும் பல்வலி. மகனுக்கு அதுவரை போகவில்லை, சின்ன அடைப்போடு தப்பித்தான்.

ஈறு நோயும் எச்சில் சுரப்பிகளும் ஒரு மாதத்தில் முடிந்தன. வாய்ப் புற்றுநோய்ப் பாடத்தில்தான் மறுபடி நின்றுவிட்டேன். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பாக்கு மெல்லுகிறவர்களின் கன்னத்துச் சதை நார்போல இறுகி, வாய் திறப்பு குறைந்துகொண்டே வரும். மாமி நாற்பது வருடமாக வெற்றிலை போடுகிறவர். காரமே தின்ன முடியவில்லை என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அதை வயது என்று விட்டிருந்தோம்.

"மாமி, ஒருக்கால் வாயைத் திறவுங்கள்" என்றேன். மூன்று விரல் போக வேண்டிய இடத்தில் இரண்டுதான் போயிற்று. கன்னத்தின் உட்புறம் வெளிறியிருந்தது. எங்கள் வைத்தியரிடம் கூட்டிப்போனேன், அவர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். புற்றுநோய் இல்லை; ஆனால் இறுகியது இளகாது, தொடர்ந்து பார்த்துவர வேண்டும் என்றார்கள்.

தேர்வில் தேறிவிட்டேன். படிவம் குறிக்கும் பகுதியில் ஒரு பிழையும் இல்லை. மாமி பாக்கை விட்டு ஏழு மாதம் ஆகிறது. வெறும் வெற்றிலைக்கு என்ன குற்றம் என்று இன்னும் என்னோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.