கார் யுஎஸ்பி-பிடி சார்ஜர்: செருகும் நொடியில் எகிறிய வோல்டேஜ் ஒருவழியாக அடங்கியது

நான் செய்த கார் சார்ஜர் போர்டில் இருப்பது, வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரும், போனுடன் பேசி வோல்டேஜை முடிவுசெய்யும் பிடி (பவர் டெலிவரி) கட்டுப்பாடும் ஒன்றாகவே உள்ள சிப். 9 வோல்ட், 3 ஆம்பியர் நிலையாகத் தருகிறது. சாக்கெட்டில் செருகிப் பிடுங்கிக்கொண்டே இருந்தாலும் சாவதில்லை. சிசி பின் (டைப்-சி இணைப்பை அறியும் பின்), காயில் எல்லாம் டேட்டாஷீட்டில் உள்ளபடிதான். பாடாய்ப் படுத்தியது இன்புட் பக்கம்.

ஒன்றரை மீட்டர் வயருக்கு ஏறத்தாழ 1.5 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கும். மறுமுனையில் செராமிக் கெபாசிட்டர் மட்டும் இருந்தால், செருகியதும் இரண்டும் சேர்ந்து ரிங் அடிக்கும் (வோல்டேஜ் மேலும் கீழும் ஊசலாடும்), உச்சம் சப்ளையின் இருமடங்கை நெருங்கும். வோல்டேஜ் ஏற ஏற செராமிக்கின் மதிப்பு சரிவதால் இருமடங்கைத் தாண்டவும் செய்யும். காரின் 14.4 வோல்ட்டில் 36 வோல்ட் தாங்கும் சிப் தப்பிக்கலாம். லாரியின் 28 வோல்ட்டில் பிழைக்கவே பிழைக்காது.

டிவிஎஸ் டையோடு (வோல்டேஜ் எகிறும்போது கடத்தி அதை அடக்கும் டையோடு) போட்டால் போதும் என்பதை நம்பாதீர்கள். 24 வோல்ட் வகை 27 வோல்ட் வாக்கிலேயே கடத்தத் தொடங்கும், லாரியில் சும்மா இருக்கும்போதே சுடும். முழு மின்னோட்டத்தில் 39 வோல்ட் வரை விட்டுவிடும்.

மருந்து, செராமிக்குக்கு இணையாக ஒரு சாதாரண எலக்ட்ரோலிடிக். 10 மைக்ரோஃபாரட் செராமிக் இரண்டு போட்டாலும் பயாஸில் (மேலே நிற்கும் டிசி வோல்டேஜில்) மொத்தம் பத்துதான் மிஞ்சும், வயரின் 1.5-ஐ இந்த 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.39 ஓம். எலக்ட்ரோலிடிக்கின் ஈஎஸ்ஆர் (உள்ளே தொடராக இருக்கும் மின்தடை) அதற்கு அருகில் இருக்க வேண்டும், கொள்ளளவு செராமிக்கைப் போல் நான்கைந்து மடங்காவது வேண்டும். நான் போட்டது 100 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். பாலிமர் வகை வேண்டவே வேண்டாம்: அதன் ஈஎஸ்ஆர் சில பத்து மில்லிஓம்தான், ரிங்கை அடக்காது. சிப்பை ஒட்டுமுன் வெற்றுப் போர்டிலேயே 28 வோல்ட்டைச் செருகி ஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். எனக்கு உச்சம் 33-இல் நின்றது. செராமிக் இரண்டும் சிப்பின் இன்புட் பின்னை ஒட்டியே இருக்கட்டும், எலக்ட்ரோலிடிக் சற்றுத் தள்ளியிருந்தால் பாதகமில்லை.

சிப் வாங்குவோருக்கு: மேலே ஒரே எழுத்து இருந்தாலும் பிபிஎஸ் (வோல்டேஜைச் சிறு படிகளில் மாற்றும் வசதி) உள்ளதும் இல்லாததும் கலந்தே வருகின்றன. ஒன்றை ஒட்டி, டெஸ்டரில் பிடிஓ பட்டியலை (சார்ஜர் தர முன்வரும் வோல்ட், ஆம்பியர் பட்டியல்) பார்த்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்.

அடுத்த போர்டில் யுஎஸ்பி ஏ, சி இரண்டு போர்ட்டுக்கும் தனித்தனிச் சிப். ஒரே பக் என்றால் இரண்டிலும் செருகியதும் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. லாரிக்கு லோடு டம்ப்பை (ஓடும்போது பேட்டரி இணைப்பு விட்டால் ஆல்டர்னேட்டர் எகிற வைக்கும் வோல்டேஜை) துண்டிக்க முன்னால் சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட்டும் வேண்டும். இதிலோ மூடிய பெட்டிக்குள் சூட்டுச் சோதனை இன்னும் பாக்கி: 27 வாட்டில் 93 சதவீதத் திறன் என்றாலும் 2 வாட் உள்ளேயே தங்கும், சிப்பின் அடிப் பேடின் கீழ் வயாக்கள் (போர்டின் இரு பக்கத்தையும் இணைக்கும் செம்புத் துளைகள்) அதைப் பின்பக்கச் செம்புக்குக் கடத்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.