கணக்கில் வராத வாசிப்பு

நூலக மாநாடு என்றால் மென்பொருள், மின்னூல், நிதி ஒதுக்கீடு என்றுதான் பேச்சு ஓடும். சிறார் இலக்கியம் கடைசி நாள் மதியம், பாதிப் பேர் கண்ணயர்ந்திருக்கும்போது ஓர் அமர்வாக வந்து போகும். இந்த முறை எங்கள் வட்டார மாநாட்டின் பொருளே சிறார் இலக்கியமும் எழுத்தறிவும்தான். சிறார் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு முன்வரிசையில் உட்காரும் ஆசை வந்ததில் வியப்பில்லை.

தொடக்க உரைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட, நூலகங்களுக்கான ஐந்து விதிகள் வழக்கம்போல வந்தன. அவை இல்லாமல் எந்த நூலக மேடையும் முடிந்ததில்லை.

விஷயம் சூடுபிடித்தது எழுத்தறிவு அமர்வில். கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் முன்வைத்த ஒரு சூத்திரத்தைப் பேச்சாளர் பலகையில் எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் திறனையும், காதால் கேட்கும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். "இன்னும் நிறையப் படி" என்று அவர்கள் கையில் இன்னொரு புத்தகத்தைத் திணிப்பது ஏன் பெரிதாக உதவுவதில்லை என்பது அப்போது பிடிபட்டது. அவர்களுக்குக் குறைவது சொற்களும் பேச்சும். எழுத்துக் கூட்டலைப் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும். நூலகம் கைகொடுக்க வேண்டியது மற்ற பாதிக்கு என்பது என் கட்சி.

அதை எப்படிச் செய்வது என்பதைப் பிற்பகல் பட்டறையில் ஒரு படப்புத்தகத்தை வைத்தே காட்டினார்கள். வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை அது. பெரியவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகக் கூடாது, பிள்ளையைப் பேசவிட வேண்டும்.

"இது என்ன?"

"நாய்."

"ஆமா, நனைஞ்ச நாய். எப்படி நனைஞ்சிருக்கும்?"

பிள்ளை சொன்னதோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது, அதை அது மறுபடி சொல்ல வழிவிடுவது. அவ்வளவுதான். அந்த ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குப் பெற்றோர் வீட்டில் ஒரு மாதம் இப்படி வாசித்தார்கள். வழக்கமான முறையில் கதை கேட்ட குழந்தைகளைவிட இவர்கள் பேச்சுத் திறனில் முந்தினார்கள்.

கேட்க எளிது. எங்களையே இரண்டிரண்டு பேராகச் செய்துபார்க்கச் சொன்னபோதுதான் சிரமம் தெரிந்தது. கேள்வி கேட்டுவிட்டு ஐந்து நொடி வாயை மூடிக்கொண்டிருக்கப் பலருக்கு முடியவில்லை. பதிலையும் நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். அமைதி காக்கச் சொல்லும் தொழிலில் இருப்பவர்கள்!

அப்புறம், புத்தக முதுகில் வயதுச் சீட்டு ஒட்டுவது பற்றி ஒரு விவாதம். கொஞ்ச நேரத்தில் சண்டையாகவே மாறியது. சீட்டு இருந்தால் பெற்றோர் சட்டென்று எடுத்துக்கொள்வார்கள் என்பது ஒரு தரப்பு. உண்மைதான். ஆனால் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பத்து வயதுப் பையன், '6 வயதுக்கு' என்று ஒட்டிய புத்தகத்தைக் கூட்டாளிகள் முன்னால் தொட மாட்டான், அவனால் வாசிக்க முடிவது அது ஒன்றுதான் என்றாலும். வயது விவரம் பட்டியலில் இருந்தால் போதும், நூலகர் பார்த்துச் சொல்லலாம் என்றேன். முடிவு எட்டப்படவில்லை, தேநீர் வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் கதை நேரத்தில் ஒரு கதையைக் குறைத்துவிட்டோம். மிச்ச நேரம் பிள்ளைகள் பேசுவதற்கு. சத்தம் கூடியிருக்கிறது, பெரியவர்கள் பிரிவிலிருந்து புகாரும் வருகிறது. மாத அறிக்கைப் படிவத்தில் இரவல் போன நூல்களுக்குக் கட்டம் உண்டு, வருகைக்கும் உண்டு. இந்தப் பேச்சுக்கு இல்லை. 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில் நுணுக்கி எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.